கறுத்த வாள்: எது மெருகு, எது துரு, எது பூச்சு?

ஜப்பானிய வாள் என்றதும் பலருடைய மனக்கண்ணில் எழுவது பளபளக்கும் வெள்ளை அலகுதான் என்றாலும், அந்த வாளின் கலையிலும் வரலாற்றிலும் கருமைக்கு இருக்கும் இடம் சிறியதன்று. மெருகிடுவோர் அலகின் உடற்பரப்பை வேண்டுமென்றே கறுக்கச் செய்கிறார்கள்; கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பு நூற்றாண்டுகளாகப் படிந்த துருவால் கறுத்திருக்கிறது; கைக்காப்பும் பிற அணிகளும் தங்கம் கலந்த செம்பினால் செய்யப்பட்டு, நீலம் பாய்ந்த கருநிறம் ஊட்டப்படுகின்றன. இவற்றோடு, கடந்த சில பத்தாண்டுகளில் உலகச் சந்தைக்கு வந்துள்ள, அலகு முழுவதும் கறுப்பேற்றிய ஜப்பானிய பாணி வாள்களும் இன்று சேகரிப்பாளர்களின் கவனத்தை ஈர்க்கின்றன. பார்வைக்கு எல்லாம் கறுப்பே என்றாலும், ஒன்று கலைஞர் கொடுத்தது, ஒன்று காலம் கொடுத்தது, மற்றொன்று தொழிற்சாலை கொடுத்தது. இவற்றைப் பிரித்தறியாமல் வாங்குபவர் பணத்தை இழக்கிறார். பிரித்தறியாமல் துடைப்பவர் வாளையே இழக்கிறார்.

உலையில் பிறக்கும் எஃகு

மரபான ஜப்பானிய வாளுக்குரிய எஃகு ‘தமாஹகானே’ எனப்படும். இரும்பு மணலை மரக்கரியோடு சேர்த்து, ‘தத்தாரா’ என்ற களிமண் உலையில் மூன்று நாள் இரவும் பகலும் எரித்து எடுக்கப்படுவது அது. 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம், ஷிமானே மாநிலத்தின் ஒகுயிசுமோவில் அணைந்து கிடந்த இந்த மரபை 1977இல் மீட்டெடுத்தது. அங்குள்ள உலை இன்றும் குளிர்காலங்களில் எரிகிறது. ஒருமுறை எரிக்க ஏறத்தாழ 10 டன் இரும்பு மணலும் 12 டன் மரக்கரியும் தேவைப்படுகின்றன. முடிவில் கிடைக்கும் ஏறத்தாழ இரண்டரை டன் பாளத்தில், வாளுக்கு உகந்த உயர்தர எஃகு ஒரு டன்னுக்கும் குறைவே.

இந்த எஃகுத் துண்டுகளைக் கொல்லர் அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, மடித்து, மீண்டும் அடிக்கிறார். கசடு வெளியேறுவதற்கும் கார்பன் சீராகப் பரவுவதற்கும் உரிய இந்த மடிப்பு, பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து முறை நடக்கிறது. 15 முறை மடித்தால் கணக்குப்படி 32,768 அடுக்குகள் உண்டாகின்றன. மெருகிட்ட பின் அலகின் பரப்பில் மரவரிகளாகத் தெரிபவை இந்த அடுக்குகளே. அதன் பிறகு களிமண், மரக்கரித் தூள், சாணைக்கல் தூள் ஆகியவற்றைக் குழைத்து, அலகின் முதுகில் தடிப்பாகவும் வெட்டும் வாய்ப்பக்கத்தில் மெல்லியதாகவும் பூசி, 750 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, நீரில் தோய்க்கிறார்கள். மெல்லிய பூச்சுள்ள வாய் நொடியில் குளிர்ந்து ‘மார்ட்டென்சைட்’ என்ற மிகக் கடினமான படிக அமைப்பை அடைகிறது. தடித்த பூச்சுள்ள முதுகு மெல்லக் குளிர்ந்து முறியாத தன்மையைப் பெறுகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் எல்லையே ‘ஹமோன்’ எனப்படும் வெண்ணிற அலைக்கோடு. வாளின் புகழ்பெற்ற வளைவும் பெரும்பகுதி இந்தத் தோய்ச்சலின்போதே உண்டாகிறது. வாயும் முதுகும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் அலகு தானாகவே முதுகுப்பக்கம் வளைகிறது.

இந்த எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், அதற்குப் பின்புலமான உடற்பரப்பு அதைவிட இருண்டிருக்க வேண்டும். ஜப்பானிய வாளில் கருமை ஒரு கலைத்தேவையாவது இங்கேதான்.

மெருகிடுவோர் ஊட்டும் கருமை

தோய்ச்சல் முடிந்து வெளிவரும் அலகு செதில் படிந்த முரட்டு இரும்புதான். அதைக் கலைப்பொருளாக்குபவர் ‘தோகிஷி’ எனப்படும் மெருகுக் கலைஞர். கரடான கல்லில் தொடங்கி, படிப்படியாக மென்மையான இயற்கைக் கற்களுக்கு மாறி, கடைசியில் தாள்போல் மெல்லியதாகத் தேய்த்தெடுத்த கல் சீவல்களைக் கட்டைவிரலின் கீழ் வைத்து, விரல் அகலம் விரல் அகலமாக அவர் அலகைத் தேய்க்கிறார். ஒரு நீண்ட வாளுக்கு இந்த வேலை வாரக்கணக்கில் நடக்கும்.

இதற்குப் பின் வருவது ‘நுகுய்’ என்ற கட்டம். உலைக்களத்தில் இரும்பை அடிக்கும்போது உதிரும் செதில், அதாவது இரும்பு ஆக்சைடு, மிக நுண்ணிய மாவாக அரைக்கப்பட்டு, எண்ணெயில் கலக்கப்பட்டு, மெல்லிய தாளில் வடிகட்டப்படுகிறது. வடிந்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அலகில் வைத்துப் பஞ்சால் ஒரே சீராகத் தேய்க்கும்போது, உடற்பரப்பு மெல்ல நீலக் கருமை கொள்கிறது. அதுவரை மங்கலாகக் கிடந்த மடிப்பு வரிகள் தெளிந்து எழுகின்றன. பிறகு ஹமோன் பகுதியை மட்டும் கல் சீவலால் தேய்த்து வெண்மையாக்குவது ‘ஹதோரி’. முதுகையும் அதை ஒட்டிய சரிவையும் எஃகு ஊசியால் அழுத்தி இழைத்துக் கரிய பளபளப்பை வரவழைப்பது ‘மிகாகி’. இன்று பெரும்பாலான அலகுகளில் காணப்படும் இந்தக் கருமை-வெண்மை எதிர்நிலை, பல நூற்றாண்டுகளாக வாள் மதிப்பீட்டிலும் மெருகிலும் புகழ்பெற்ற ஹொன்ஆமி குடும்பத்தாரால் மெய்ஜி காலத்தில் செப்பம் பெற்றது.

எஃகு தன்னியல்பிலேயே கறுத்திருப்பதும் உண்டு. ஜப்பான் கடலை ஒட்டிய காகா, எச்சிசென், எச்சிகோ முதலிய வடபுல நாடுகளின் வாள்கள் இருண்ட எஃகுக்குப் பெயர்பெற்றவை. இன்றைய தோயாமா மாநிலமான எச்சூவில் வாழ்ந்த நொரிஷிகே என்ற கொல்லரின் அலகுகளில், கார்பன் அளவு வேறுபட்ட எஃகுகள் பின்னிப் பிணைந்து பைன் மரப்பட்டையின் தோற்றம் தருகின்றன. அவற்றின் ஊடே ‘சிகெய்’ எனப்படும் மின்னும் கருங்கோடுகள் ஓடுகின்றன. இவை எதுவும் மேலே பூசிய நிறமன்று. எஃகின் உள்ளமைப்பு மெருகினால் வெளிப்பட்ட கருமை. ஆகவே எந்த வேதிக் கலவையாலும் இதை ஈடுசெய்ய முடியாது. ஒரு தவறான துடைப்பால் இதை அழித்துவிட முடியும்.

காலம் எழுதிய கருமை

கைப்பிடியையும் அலகையும் இணைப்பது ‘மெகுகி’ என்ற சிறு மூங்கில் ஆணி மட்டுமே. அதைச் சிறு சுத்தியால் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று, உள்ளே இருக்கும் ‘நகாகோ’ என்ற காம்பு வெளிப்படும். அலகு எத்தனை முறை மெருகேற்றப்பட்டாலும் காம்பு மட்டும் மெருகிடப்படுவதில்லை. கொல்லரின் அரம் விட்ட கோடுகள், உளியால் செதுக்கிய பெயர், ஆணித் துளைகள் ஆகியவற்றின் மீது தலைமுறை தலைமுறையாகக் கருந்துரு படிந்துகொண்டே வருகிறது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, ஜப்பானின் தேசியச் செல்வங்களுள் ஒன்றான ‘தோஜிகிரி யசுத்சுனா’ ஹெய்யான் காலத்தைச் சேர்ந்த வாள். அதன் கறுத்த காம்பில் யசுத்சுனா என்ற கொல்லரின் பெயரை இன்றும் படிக்க முடிகிறது.

இந்தத் துருவை ஆவணம் என்றே வாள் அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆழ்ந்து ஒரே சீராகக் கறுத்த காம்பு பழமைக்குச் சான்று. இளஞ்செந்நிறம் அண்மைக்காலத்தைக் காட்டும். பெயர் செதுக்கிய பள்ளத்துக்குள் துரு இல்லாமல் சுற்றிலும் மட்டும் கறுத்திருந்தால், பெயர் பிற்காலத்தில் பொய்யாகச் செதுக்கப்பட்டது என்ற ஐயம் எழும். நீண்ட வாள்களைப் பிற்காலத்தார் தங்கள் உயரத்துக்கேற்பக் காம்புப் பக்கம் வெட்டிக் குறைத்த வழக்கமும் இருந்தது. அவ்வாறு குறைத்த வாளில் பழைய காம்புப் பகுதிக்கும் புதிதாகக் காம்பாக்கிய பகுதிக்கும் இடையே துருவின் நிறம் மாறுபடுவதைக் கொண்டே வாளின் பழைய நீளத்தை ஊகிக்கிறார்கள்.

துருவிலும் இருவகை உண்டு. செந்துரு நீர் கலந்த இரும்பு ஆக்சைடு, நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை உள்ளே அரித்துச் செல்வது. கருந்துருவோ செறிவானது, நிலைத்தது. கீழுள்ள இரும்பை ஓரளவு காப்பது. பழகிய தோசைக்கல்லின் கருமையைத் தேய்த்தெடுக்க வீட்டில் எவரும் சம்மதிக்காததுபோல, வாளறிந்தவர் எவரும் காம்பின் கருமையில் கை வைப்பதில்லை. இதை அறியாதவர்கள் உப்புத்தாளாலும் அமிலத்தாலும் காம்பைத் தேய்த்து வெள்ளையாக்கும்போது, பல நூறு ஆண்டுச் சான்று சில நிமிடங்களில் அழிந்துபோகிறது. அது திரும்பி வருவதற்கு வழியே இல்லை.

வாளின் அணிகளிலும் இந்நெறி பொருந்தும். ‘சுபா’ எனப்படும் கைக்காப்புகள் பலவும் இரும்பாலானவை. அவற்றின் சாக்லேட் கருமை செய்தவரே திட்டமிட்டு வரவழைத்தது. ‘ஷகுதோ’ என்பது செம்போடு சிறிதளவு, பெரும்பாலும் நூற்றுக்கு நான்கைந்து பங்கு, தங்கம் சேர்த்த கலவை. செம்பு உப்புகள் கரைந்த நீரில் கொதிக்க வைக்கும்போது அதன் மேற்பரப்பு நீலக் கருமை அடைகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கான மெருகுப் பசையை இதில் ஒருமுறை தேய்த்தால், கருமை நீங்கி வெறும் செம்பு நிறமே எஞ்சும்.

சந்தைக்கு வந்த புதிய கறுப்பு

1876இல் மெய்ஜி அரசு பொதுமக்கள் வாள் தாங்குவதைத் தடைசெய்தது. 1945க்குப் பின் நேசநாட்டுப் படைகளின் ஆட்சியில் ஏராளமான வாள்கள் பறிமுதலாகின. கலைவாள்களைக் காக்க அறிஞர்கள் எடுத்த முயற்சிகளின் தொடர்ச்சியே 1948இல் தோன்றிய பாதுகாப்புச் சங்கம். இன்று ஜப்பானில் வாள் செய்ய விரும்புபவர் உரிமம் பெற்ற ஆசானிடம் குறைந்தது ஐந்து ஆண்டு பயில வேண்டும். தரம் கெடாதிருக்க, ஒருவர் மாதத்துக்குச் செய்யக்கூடிய வாள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. எனவே மரபான வாள் அரிதாகவும் விலையுயர்ந்ததாகவும் இருக்க, உலகெங்கும் எழுந்த ஆர்வத்தை வேறு நாடுகளின் பட்டறைகள் நிறைவு செய்கின்றன. அவற்றுள் முதன்மையானது, வாள் தொழிலில் தனக்கென நெடிய மரபுடைய சீன நகரமான லோங்சுவான்.

இந்த வாள்களின் எஃகை எண்களால் குறிப்பிடுகிறார்கள். 1045, 1060, 1095 என்பவற்றில் முதல் இரண்டு எண்கள் சாதாரணக் கார்பன் எஃகு என்பதையும், கடைசி இரண்டு எண்கள் கார்பன் அளவையும் காட்டுகின்றன. 1095 என்றால் ஏறத்தாழ 0.95 விழுக்காடு கார்பன். ‘டி10’ என்பது ஏறத்தாழ ஒரு விழுக்காடு கார்பன் உள்ள சீனக் கருவி எஃகு. இவற்றிலும் களிமண் பூசித் தோய்த்து உண்மையான ஹமோன் வரவழைத்த நல்ல வாள்கள் உண்டு. அவற்றை இகழ வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது, கறுப்பு எப்படி ஏறியது என்பதைத்தான்.

முதல் முறை, சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட் உப்பும் கரைந்த கொதிநீரில், ஏறத்தாழ 140 டிகிரியில், அலகை முக்கி மேற்பரப்பையே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாற்றுவது. இந்தச் சூட்டில் எஃகின் கடினம் குறைவதில்லை. ஆனால் படலம் மிக மெல்லியது. எண்ணெய் இல்லாவிட்டால் துருவைத் தடுக்கும் ஆற்றல் அதற்குச் சிறிதே. இரண்டாவது, ஃபெரிக் குளோரைடு போன்ற அரிப்புக் கரைசலால் கறுக்கச் செய்வது. மடித்த எஃகில் இது அடுக்குகளை எடுப்பாகக் காட்டும். ஆனால் கரைசலின் அமிலத் தன்மையை முழுதாக முறித்துக் கழுவாவிட்டால், அலகின் அடியில் உள்ள உலோகப் பட்டையின் கீழ் அரிப்பு தொடரும். மூன்றாவது, வண்ணப்பூச்சோ பீங்கான் கலந்த பூச்சோ ஏற்றுவது. நான்காவது, தீயில் வாட்டி நிறம் வரவழைப்பது. இதுதான் ஆபத்தானது. எஃகு ஏறத்தாழ 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சளும் 300 டிகிரியை நெருங்கும்போது நீலமும் கொள்ளும். ஏறத்தாழ 200 டிகிரியில் பதப்படுத்திய வாய் அந்த நீலத்தை எட்டும் முன்பே தன் கடினத்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது.

கறுப்பு அலகில் வாயோரம் மின்னும் வெள்ளைப் பட்டையைக் கண்டு அதை ஹமோன் என்று நம்புவது புதிதாகச் சேகரிப்போரின் வழக்கமான பிழை. பெரும்பாலும் அது கூர்தீட்டும்போது பூச்சு தேய்ந்துபோன பகுதியே. விளக்கொளியில் அலகை மெல்லச் சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும்: தீட்டிய பட்டையின் எல்லை நேராகவும் கூர்மையாகவும் நிற்கும், உண்மையான ஹமோனின் எல்லையில் மூடுபனி போன்ற மங்கலும், நுண்ணிய படிகத் துகள்களின் மினுக்கமும் தெரியும். மேலும், அடர்ந்த பூச்சு எஃகின் வெடிப்பையும் பற்றவைப்புக் குறையையும் மறைக்கக்கூடும். சில விற்பனையாளர்கள் புதிய காம்புகளுக்குச் செயற்கைத் துரு ஏற்றிப் பழமை காட்டுவதும் உண்டு.

துடைக்கும் கைக்குத் தேவையான அறிவு

மரபான மெருகுள்ள அலகைப் பேணும் முறை எளியது, ஆனால் ஒழுங்கானது. வாளின் வாய் மேல்நோக்கி இருக்க, முதுகு உறையில் உராய்ந்தவாறு மெதுவாக உருவ வேண்டும். மெல்லிய, தூசற்ற தாளைக் கசக்கி மென்மையாக்கி, முதுகுப்பக்கமிருந்து பிடித்து, அடியிலிருந்து முனைநோக்கிப் பழைய எண்ணெயைத் துடைக்க வேண்டும். மெருகுக்கல்லின் மிக நுண்ணிய தூளைப் பட்டுப் பொட்டலத்தில் கட்டிய ‘உச்சிகோ’வால் அலகில் லேசாகத் தட்டி, மீண்டும் துடைத்தால் எஞ்சிய எண்ணெயும் நீங்கும். இதுவும் நுண்ணிய சாணைப் பொருளே என்பதால், அடிக்கடி செய்தால் நுகுய் கருமை மெலியும். கடைசியில் ‘சோஜி’ எனப்படும் கிராம்பு மணமுள்ள எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகத் தடவ வேண்டும். அலகின் மேல் குனிந்து பேசுவதும் விரலால் தொடுவதும் கூடாது. எச்சில் துளியும் வியர்வை உப்பும் ஓரிரு நாளிலேயே புள்ளித் துருவாக மாறும். ஜப்பானில் வாள் பார்ப்போர் வாயில் தாளைக் கவ்விக்கொள்ளும் பழக்கம் இதனால் வந்ததே.

கறுப்பேற்றிய புதுவகை அலகுக்கு இதே முறை பொருந்தாது. உச்சிகோவும் உலோக மெருகுப் பசையும் எஃகு நாரும் அந்தப் படலத்தைக் கீறிவிடும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, சுத்தமான கனிம எண்ணெயையோ, அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகையோ மெல்லியதாகத் தடவுவதே போதும். உறையின் வாய் உரசும் இடத்திலும் வாயோரத்திலும் கறுப்பு தேய்ந்து எஃகு வெளிப்படும். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். கறுப்பின் நடுவே செம்புள்ளி எளிதில் கண்ணில் படாது என்பதால், நல்ல வெளிச்சத்தில் மாதம் ஒருமுறையாவது பார்ப்பது அவசியம். தேய்ந்த இடத்தைக் கடையில் கிடைக்கும் கறுப்பேற்றும் திரவத்தால் நிரப்ப முனைந்தால் திட்டுத் திட்டாகவே தெரியும். தேய்மானத்தை ஏற்றுக்கொண்டு எண்ணெயிட்டு வைப்பதே மேல்.

இருவகை வாளுக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. தோலுறையில் நெடுங்காலம் வைக்கக் கூடாது. தோல் பதனிடும் பொருள்கள் எஃகை அரிக்கும். ஜப்பானியர் சேமிப்புக்கென ஹோ மரத்தில் அலங்காரமற்ற ‘ஷிராசாயா’ என்ற உறையைத் தனியே செய்கிறார்கள். வாளைப் படுக்கைவாக்கில் வைக்க வேண்டும்; செங்குத்தாக நிறுத்தினால் எண்ணெய் வழிந்து ஒரு முனையில் தேங்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்வதால், மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைப்பதும், எண்ணெயை அடிக்கடி புதுப்பிப்பதும் இன்றியமையாதவை.

செந்துரு பரவிய பழைய வாள் கையில் கிடைத்தால், எண்ணெய் தடவி அப்படியே வைத்து, தேர்ந்த மெருகுக் கலைஞரின் கருத்தைக் கேட்பதே சரி. ஒவ்வொரு முழு மெருகும் அலகின் எஃகில் ஒரு பங்கைத் தேய்த்தெடுக்கிறது. அளவு மீறினால் கடினமான மேலெஃகு தேய்ந்து, உள்ளே இருக்கும் மென்மையான கருவெஃகு வெளிப்பட்டுவிடும். வீட்டிலே உப்புத்தாள் கொண்டு செய்யும் ஒரு மணி நேர வேலை, பல தலைமுறை மெருகுக்குரிய எஃகைத் தின்றுவிடும்.

வாங்குவதற்கு முன்

பழைய வாளை வாங்க எண்ணுபவர் முதலில் கேட்க வேண்டியது பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீட்டுச் சான்றிதழை. ‘ஹொசோன்’ என்பதில் தொடங்கி, ‘தொகுபெத்சு ஹொசோன்’, ‘ஜூயோ’, ‘தொகுபெத்சு ஜூயோ’ என அது நான்கு படிகளாக உயர்கிறது. புதிய வாளை வாங்குபவர் எஃகின் வகை, தோய்ச்சல் முறை, கறுப்பேற்றிய முறை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். மூன்றாவதற்கு விடை சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதிருப்பது நல்லது.

சட்டத்தையும் மறக்கலாகாது. ஜப்பானில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாத வாளை வைத்திருக்க முடியாது. மரபு முறையில் செய்யப்படாத வாளுக்கு அந்தப் பதிவு கிடைக்காது. எனவே சந்தையில் விற்கும் வெளிநாட்டுக் கறுப்பு வாள்களுக்கு ஜப்பானிலேயே இடமில்லை. பழைய வாளை அந்நாட்டிலிருந்து வெளியே கொண்டுவரவும் பண்பாட்டுத் துறையின் அனுமதி வேண்டும். பிரிட்டனில் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களின் விற்பனைக்கு 2008இல் தடை வந்தது. மரபு முறையில் கையால் செய்தவற்றுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுத்த 2016ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட வாள்களை ஆயுத வகைக்குள் சேர்க்கின்றன. ஆகவே வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் மாவட்ட நிர்வாகத்திடமும் சுங்கத் துறையிடமும் கேட்டறிவது ஒவ்வொரு சேகரிப்பாளரின் கடமை.

2020இல் ஒகாயாமா மாநிலத்தின் செத்தோஉச்சி என்ற சிறு நகரம், தன் மண்ணில் பிறந்த ‘யமதோரிகே’ என்ற தேசியச் செல்வமான வாளை, மக்களிடம் நிதி திரட்டி 50 கோடி யென் கொடுத்து மீட்டது. ஒரு பழைய அலகு ஒரு நகரத்தின் பொதுச்சொத்தாக மதிக்கப்படுவதற்கு, அதைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தவர்கள் எண்ணெய் தடவியதும், தேவையின்றித் தேய்க்காமல் விட்டதுமே காரணம். வாள் வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் என்பதைவிட அடுத்த தலைமுறைக்கான காப்பாளர் என்பதே பொருந்தும். எனவே கறுத்த வாளொன்று கைக்கு வந்தால், துணியை எடுப்பதற்கு முன் அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்; விடை தெரியும்வரை எண்ணெயைத் தவிர வேறெதையும் அதன்மேல் வைக்காதீர்கள்.